பூட்ட மறந்த கார்

கலிபோர்னியாவில் எங்கள் தெருவில் காரை நிறுத்தினால் டாஷ்போர்டு அறையைத் திறந்து போட்டுவிட்டுத்தான் இறங்குவோம். உள்ளே ஒன்றுமில்லை, கண்ணாடியை உடைக்காதே என்று திருடனுக்குச் சொல்லும் வழி அது. எங்கள் காரின் கண்ணாடி இரண்டாம் முறை உடைந்த பிறகு பக்கத்து வீட்டு டேனியல் கற்றுக்கொடுத்தார். உள்ளிருப்பதை எல்லாம் எடுத்துக் காலிசெய் என்ற பொருளில் ‘கிளீன் இட் அவுட்’ என்று அவர் சொன்னதும், காரைக் கழுவச் சொல்கிறார் என்று வாளியோடு போய் நின்றவன் நான்.

போன விடுமுறைக்குக் கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டுக்கு வந்தபோதும் இந்தப் பழக்கம் விடவில்லை. வாடகைக் காரை நிறுத்தும்போதெல்லாம் குடிநீர்ப் பாட்டில்வரை துடைத்தெடுத்துக்கொண்டு போவேன். எதிர்வீட்டு ரஹீம் பாய் டயர் கடை வைத்திருப்பவர். ஒருநாள் கேட்டேவிட்டார்.

“இன்னா சார், எங்கள பாத்தா திருடனுங்க மாரி கீதா?”

அங்கே அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் முகத்திலிருந்த வருத்தம் மாறவில்லை.

ஊர் திரும்ப இரண்டே நாள் இருந்தபோது மாமல்லபுரம் போனோம். திரும்பும் வழியில் மகளுக்குக் காய்ச்சல்; உடம்பு அனலாய்க் கொதித்தது. வீட்டு வாசலில் காரைப் போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கு ஓடினோம். இரண்டு மணி நேரம் கழித்து, ஊசி போட்டு அவள் தூங்கிய பிறகுதான் நினைவு வந்தது. பின்சீட்டில் பை. அதில் மூன்று பாஸ்போர்ட். கண்ணாடியையும் ஏற்றவில்லை. மகளை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

கார்க் கதவை ஒட்டி ஸ்கூட்டரை நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார் ரஹீம் பாய். பிற்பகல் வெயில். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“சாப்ட்டு கடைக்குக் கெளம்புனேன். கண்ணாடி தொறந்து கீது, உள்ள பை கீது. உங்க தங்கச்சி வூடும் பூட்டிக் கீது. வுட்டுட்டு எப்டிப் போறது?”

“மன்னிச்சிருங்க பாய்” என்றேன். இத்தனை நாள் அவர் கண்ணெதிரே காரைத் துடைத்தெடுத்ததற்கும் சேர்த்துத்தான்.

“அத்த வுடுங்க. கொயந்தய தூக்கிக்கினு ஓடுனீங்களே, எப்டி கீது?”

ஊசி போட்டுத் தூங்குகிறாள் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும் நாளில் பெட்டிகளை ஏற்ற அவரும் வந்தார். “மறுபடி எப்போ வூட்டுக்கு வருவீங்க?” என்று கேட்டார். சீக்கிரம் பாய் என்றேன். விமான நிலையத்துக்கு அழைத்த டாக்சி நகர்ந்ததும், என் மடியில் சாய்ந்திருந்த மகள் கேட்டாள்.

“அப்பா, இப்போ நாம வீட்டுக்குத்தானே போறோம்?”

ஆமாம் என்றேன். பின்கண்ணாடி வழியே பார்த்தபோது ரஹீம் பாய் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தார்.