எல்லாரும் சேர்ந்து செய்தது

சம்பத்குமாருக்கு ஷாஹீன்மேல் பொறாமை. சுற்றி வளைப்பானேன், அதுதான் விஷயம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு மேல்மாடியில் அவர்கள் ஆபீஸ். டென்மார்க் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகப் பக்கங்களைக் கணினியில் அமைத்துக் கொடுப்பார்கள். அவர் அங்கே ஒன்பது வருஷம். அவள் சேர்ந்து பதினான்கு மாதம். 2005 ஆடியில் அந்தப் பதிப்பகம், பயிற்சிக்காக ஒரே ஒருவரை மூன்று மாதம் கோபன்ஹேகனுக்கு அழைத்திருந்தது. சம்பத்குமார் பாஸ்போர்ட் எடுத்து நாலு வருஷமாகிறது. உள்ளே ஒரு முத்திரை கிடையாது.

தினமும் மூன்றரை மணிக்கு அங்கிருந்து பிர்கிட்டே என்ற அம்மா ஸ்பீக்கர் போனில் பேசுவார். எந்த வேலையானாலும் "இதை யார் செய்தது?" என்று கேட்பார். தானே மண்டையை உடைத்துக்கொண்டு முடித்ததாக இருந்தாலும் சம்பத்குமார், "எல்லாரும் சேர்ந்து செய்தது மேடம்" என்பார். நான் செய்தேன் என்று சொல்ல அவருக்கு நாக்கு கூசும். நம் வேலையைப் பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்ல வேண்டும், அதுதான் அவர் வளர்ந்த வீட்டு முறை. முதலாளி கலியாணசுந்தரமோ வாயே திறக்கமாட்டார். பிர்கிட்டேயும் "அப்படியா" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். ஷாஹீன் மட்டும் கூச்சமே இல்லாமல் "நான்தான் செய்தேன்" என்பாள். "பிரமாதம் ஷாஹீன்!" என்று அங்கிருந்து வரும். சம்பத்குமாருக்கு வயிறு எரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பறவைப் புத்தகம் வந்தது. ஷாஹீன் அமைத்த பக்கத்தில் வாத்துக்குக் கீழே அன்னம் என்றும், அன்னத்துக்குக் கீழே வாத்து என்றும் இருந்தது. கடைசியாகப் பிழை பார்ப்பது சம்பத்குமார் வேலை. அவர் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். அன்னம் டென்மார்க்கின் தேசியப் பறவை என்பதும் அவருக்குத் தெரியும். சின்னப் பெண், நாலு பேர் முன்னால் சொன்னால் முகம் வாடிவிடும் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே? அதற்கு மனசு வரவில்லை. பிழை பார்த்தவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை பிர்கிட்டேயின் குரலில் சிரிப்பில்லை. "எங்கள் அன்னத்தை வாத்தாக்கிவிட்டீர்கள். யார் செய்தது?"

இப்போதும் நான்தான் என்று சொல்லட்டுமே, பார்க்கலாம் என சம்பத்குமார் காத்திருந்தார்.

"பக்கம் அமைத்தது நான்" என்றாள் ஷாஹீன், தயங்காமல்.

"பிழை பார்த்தவர் சம்பத் என்று இருக்கிறதே. சம்பத், நீங்கள் இதைப் பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை என்றால் வேலை தெரியாதவர். பார்த்தேன் என்றால் அதைவிடக் கேவலம். ஷாஹீன் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு போன் பக்கம் குனிந்தாள்.

"எல்லாரும் சேர்ந்து செய்தது மேடம்."

"அப்படியா" என்று பிர்கிட்டே அடுத்ததற்குப் போனார்.

போனை வைத்ததும் அவள் கேட்டாள். "பாத்தீங்க இல்ல சார்?"

"பாத்தேன்மா."

"எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நிமிஷத்துல மாத்தியிருப்பேனே. சரி வுடுங்க, டீ ஆறிக்கினு இருக்குது."

அடுத்த வாரம் கடிதம் வந்தது. கோபன்ஹேகனுக்கு ஷாஹீன். தப்பை உடனே ஒப்புக்கொண்டது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்றாம். பயணத்தைப் பற்றி சம்பத்குமார் அவ்வளவாக வருத்தப்படவில்லை. ஒன்பது வருஷமாக அவர் சொல்லிவந்த வார்த்தையை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் அவரைக் காப்பாற்ற. அதிலும் தன்னை மிஞ்சிவிட்டாளே என்றுதான் அவருக்கு வயிறு எரிந்தது.