ஜன்னல் கம்பியில் மாட்டிய பரங்கிக்காய்

காரைக்குடி–தேவகோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் வீரையா. வேலை விட்டாலும் விசிலை விடவில்லை. காலையில் கொல்லையில் நின்று நீளமாக ஒன்று ஊதினால்தான் அவருக்கு நாள் நகரும். அப்படி ஊதிய ஒரு காலையில், பக்கத்து வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ஈஸ்வரி திடுக்கிட்டு விரலையும் சேர்த்துத் தைத்துக்கொண்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது.

"இனி அந்த வாசப்படிய மிதிச்சா நான் வீரையா இல்ல!" என்று இவரும் தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டார்.

இந்த விவரம் வீரையா வளர்த்த பரங்கிக்கொடிக்குத் தெரியாது. அது ஈஸ்வரி வீட்டுச் சுவரேறிப் போய், இவர் கொல்லையைப் பார்த்திருந்த அடுப்படி ஜன்னலில் பிஞ்சு விட்டது. யாரும் கவனிப்பதற்குள் பிஞ்சு கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, உள்ளே பாதி வெளியே பாதியாகப் பெருத்து, இடுப்பு இறுகி நின்றது. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் போகவில்லை.

ஈஸ்வரி காயைப் பார்த்துப் பேசினார். "ஏ பரங்கி, ஒன்னைய வளத்தவுககிட்டச் சொல்லு, எனக்குச் சன்னலச் சாத்தணும்."

வெளியிலிருந்து வீரையாவும் காயிடமே சொன்னார். "வேரு எங்க வீட்டுல இருக்கு. காய் எங்களுதுன்னு சொல்லு பரங்கி."

"வயிறு என் அடுப்படிக்குள்ளல்ல இருக்கு?"

கோயம்புத்தூரில் இருக்கும் வீரையாவின் மகள் சினேகா போனில் வழி சொன்னாள். "ஆளுக்குப் பாதியா வெட்டிக்கிருங்கப்பா. வேக வச்சு மசிச்சு, வெல்லம், சுக்கு, பட்டை, கிராம்பு போட்டு மாவோட பிசைஞ்சு பொரிங்க. எங்க ஆபீஸ்ல அதுக்கு அடிச்சுக்கிறாக."

வெளியே அரிவாளோடு இவரும், உள்ளே கத்தியோடு அவருமாகக் காயை அறுத்து எடுத்தார்கள். வீரையா தன் பாதியை மசித்து, கோதுமை மாவில் பிசைந்து, வட்டம் வட்டமாகத் தட்டி அடுக்கினார். எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால் அடுப்பு பற்றவில்லை. சிலிண்டர் தீர்ந்திருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் வந்து முழித்தார்.

பேசுவதற்குப் பரங்கிக்காய் இல்லாததால் ஈஸ்வரி கரண்டியைப் பிடித்துக்கொண்டார். "ஏ கரண்டி, யார் வீட்டுலயோ கேஸ் தீந்துபோச்சு போல. இங்குட்டு எண்ணெய் காஞ்சு கெடக்கு."

வீரையா மாவு வட்டங்களைக் கம்பிக்குள் ஒவ்வொன்றாக நீட்டினார். ஈஸ்வரி வாங்கிப் போடப் போட, அவை பந்து போல உப்பி எழுந்தன. பட்டை வாசனை தெருவையும் தாண்டிப் போயிருக்கும். ஆசையாகக் கை நீட்டினார் வீரையா. உப்பிய அப்பம் கம்பிக்குள் நுழையவில்லை. அமுக்கினால் ஆவி பீய்ச்சியடித்தது.

"ஏ கரண்டி..." என்று ஆரம்பித்த ஈஸ்வரிக்கே அலுத்துப்போனது. "அண்ணே, வாசல் வழியா வாங்களேன்! எம்புட்டு நேரம் சன்னல்ல தொங்குவீக?"

"படிய மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே தாயி."

"மிதிக்காதீக. தாண்டி வாங்க."

அறுபது வயதுக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஓடிவந்து படியைத் தாண்டிக் குதித்தார். தெருவில் போன எதிர்வீட்டு வயிரவன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து தின்றார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. ஆனால் வீரையா கிராம்பை அள்ளிக் கொட்டியிருந்தார். நாலாவது அப்பத்தில் இருவருக்கும் நாக்கு மரத்துப்போனது. அப்பம் எப்படி வந்தது என்று கேட்க சினேகா அழைத்தபோது, இருவரும் மாற்றி மாற்றிக் குழறினார்கள்.

"டவர் இல்லப்பா, அப்புறமாப் பேசுறேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.