உப்புப் பனிக்கட்டியும் என் மகளின் இன்சுலினும்

ஜூலை, முதல் திங்கள்: போர்ட் பிளேரிலிருந்து கார் நிக்கோபாருக்குப் புறப்பட்ட கப்பலில், என் மகள் எஸ்தருக்கான இன்சுலின் பார்சல் சென்றது.

வியாழன்: பழைய மருந்து தீர்ந்தது. பார்சலில் வந்த புதிய மருந்துக் குழலை எஸ்தர் தொடங்கினாள்.

வெள்ளி: சர்க்கரை ஏறியது. அளவைக் கூட்டினாள். இறங்கவில்லை.

சனி: வாந்தி, மூச்சிரைப்பு. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கொடுத்த இன்சுலினுக்குச் சர்க்கரை இறங்கியது.

அடுத்த திங்கள்: வீடு திரும்பினாள்.

செவ்வாய்: மீண்டும் ஏறியது. மீட்டரில் எண் வரவில்லை. அளவு மீறிவிட்டதைக் காட்டும் 'ஹை' என்ற சொல் மட்டும் வந்தது. அவளைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவர இங்கிருந்து ஹெலிகாப்டர் கேட்டேன். வானிலை காரணமாக அன்றைய சேவை ரத்து.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நிகழ்ந்தவை இவ்வளவே. இவற்றுக்கு நடுவில் நான் இருந்த நிலையைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கடந்த பிப்ரவரியில் என் மனைவி கிரேஸ் மரித்தாள். நெடுநாள் சர்க்கரை அவளுடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. அடக்க ஆராதனைக்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போனேன், எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை.

எஸ்தருக்கு வந்தது வேறு வகைச் சர்க்கரை. பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே அவள் உடம்பின் காவல் செல்கள், இன்சுலின் சுரக்கும் செல்களைப் பகையென்று எண்ணி அழித்துவிட்டன. ஊசி நின்றால் உயிர் நிற்காது. இப்போது அவள் கார் நிக்கோபாரில் ஆசிரியை. அவளுக்கு ஒத்துவரும் மருந்து அங்கே எல்லா நேரமும் கிடைப்பதில்லை என்பதால், அவள் அம்மாதான் இங்கிருந்து கட்டி அனுப்புவாள். கிரேஸுக்குப் பின் அந்தப் பொறுப்பை அவள் தங்கை ரூபி ஏற்றுக்கொண்டாள்.

நோய்கள் எந்த வழியில் உடலைக் கெடுக்கின்றன என்று ஆராய்வதே என் தொழிலாக இருந்தது. புரதங்கள் உருக்குலைவதைப் பற்றி மெயின்லேண்டில் ஓர் ஆய்வகத்தில் பல காலம் உழைத்தவன். ஆகவே காரணத்தை மகளின் உடலுக்குள் தேடினேன். தொற்றா? ஊசி போடும் இடம் தடித்துவிட்டதா? மருந்துக்கு எதிராகவே உடல் போராடத் தொடங்கிவிட்டதா? ஒவ்வொன்றும் பாதி பொருந்தியது, பாதி பொருந்தவில்லை.

செவ்வாய் காலை எஸ்தர் பேசினாள். குரல் வறண்டிருந்தது.

"இன்னொரு ஊசி போட்டிருக்கேன்ப்பா. மதியம் வரைக்கும் பாக்குறேன். நீங்க பயப்படாதீங்க."

"மதியம் வரை காத்திருக்காதே அம்மா. இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ."

லைன் அறுந்துவிட்டது. என் சொல் அவளுக்கு எட்டியதா என்று தெரியவில்லை. திரும்பத் திரும்ப முயன்றேன். தொடர்பு கிடைக்கவில்லை. நடுவில் கடல்.

அப்போது ஜெபித்தேன். முழங்காலில் நிற்க மூட்டு இடம் தராது. நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டேன். "ஆண்டவரே, கிரேஸுக்காகக் கேட்டேன், நீர் தரவில்லை. அதைக் குறித்து உம்மோடு வழக்காட இப்போது நேரமில்லை. இந்தப் பிள்ளையை எனக்கு விட்டுவிடும். நான் எதைக் காணாமல் இருக்கிறேன் என்று காட்டும்." அவ்வளவுதான். கண்ணீர் வரவில்லை. ஆமென் சொன்னதாகவும் நினைவில்லை.

நாற்காலியை விட்டு எழுவதற்குள் ரூபி உள்ளே வந்தாள், கையில் மீன் குழம்போடு.

"என்ன அத்தான், தாடி வளர்த்து மோசே மாதிரி உக்காந்திருக்கீங்க? டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. எஸ்தர் மீட்டர்தான் கோளாறா இருக்கும்."

"மீட்டர் இல்லை ரூபி."

"அப்போ அவ வாய்தான். அங்க இனிப்புப் பண்டம் எதையாவது அமுக்கியிருப்பா. என் பார்சல்ல மட்டும் யாரும் குத்தம் சொல்ல முடியாது. அக்கா சும்மா துண்டுல சுத்தி அனுப்புவா. நான் அப்படியா? இந்தத் தடவை தெர்மாகோல் பெட்டில அடியில பரஃப், ஐஸ்கட்டி, நடுவுல மருந்து, மேலயும் பரஃப், அது மேல கல்லுப்பு! ஜங்கிளிகாட் மீன் துறையில சூரை மீன் கட்டுற மாதிரி. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் கல்லா இருக்கும்."

அவள் கணவர் மீன் அனுப்பும் தொழில் செய்பவர். பனிக்கட்டியில் உப்பைத் தூவினால் குளிர் உறைநிலைக்கும் கீழே இறங்கும், மீன் கெடாது. ஆனால் இன்சுலின் மீனல்ல. அது உறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். உருகியபின் திரவமாகத்தான் தெரியும். செல்லின் கதவைத் திறக்கும் வடிவம் மட்டும் போயிருக்கும். என் மகள் இத்தனை நாளும் ஏறக்குறைய வெறும் நீரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடி எண்ணை அழுத்தினேன். இந்த முறை மணி அடித்தது.

"குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார், எஸ்தர்."

"லேசா மங்கலா இருக்குப்பா. தூசு மாதிரி ஏதோ மிதக்குது. மழைக் குளிர்னு நெனச்சேன்."

"அதைத் தொடாதே. யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. மருந்து உறைந்து செத்துவிட்டது என்று டாக்டரிடம் சொல்."

அன்று மாலை அவள் சர்க்கரை இறங்கத் தொடங்கியது. மறுநாள் கஞ்சி குடித்தாள். வார இறுதியில் வகுப்புக்கே போய்விட்டாள், நான் வேண்டாம் என்று சொல்லியும்.

உப்பும் பனியும் செய்ததை என்னால் விளக்க முடியும். நான் கேட்டு முடித்த நேரத்தில் ரூபியை என் வாசலுக்கு அனுப்பி, அந்தப் பேச்சை அவள் வாயில் வைத்தது எது என்று விளக்க முடியாது. தற்செயல் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்வதில்லை. கிரேஸுக்கு ஏன் இப்படி ஒரு வழி திறக்கவில்லை என்ற கேள்விக்கும் என்னிடம் விடை இல்லை. விடை இல்லாமலே இப்போது தினமும் ஜெபிக்கிறேன். இரவில் உறங்குகிறேன்.

வாய் அடைத்துப்போய் ஆலயத்தில் அமர்ந்திருக்கும் சகோதரரே, சகோதரியே, அழகான ஜெபம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கோபத்தோடேயே கேளுங்கள். பிறகு, உள்ளே வருகிறவர் பேசுவதை முழுமையாகக் கேளுங்கள். மருந்தை நிறுத்த வேண்டாம். சந்தேகம் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

நான் இன்னும் செய்யாதவை:

கார் நிக்கோபாருக்குப் போக அனுமதிப் பாஸ் எடுத்து, கடல் அடங்கியதும் மகளைப் போய்ப் பார்ப்பது.

சபையில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு அதைப் பாதுகாக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பது. போதகர் இருமுறை நினைவூட்டிவிட்டார்.

கிரேஸின் சேலைகளைப் பிரித்துக் கொடுப்பது.

ரூபியின் வீட்டுக்குப் போவது. நடந்ததை அறிந்த நாள்முதல் அவள் இந்தப் பக்கம் வரவில்லை. பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுகிறாளாம். அவள் வந்து பேசியதால்தான் பிள்ளை பிழைத்தாள் என்று, அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும்.