மலைக்குக் காலை நீட்டிய குற்றம்

எந்த ஊர் ஓட்டலில் தங்கினாலும் ஜன்னலில் தெரிவதைப் படம் எடுத்து இங்கே போடுவேன். படத்தின் அடியில் என் கால்கள் இரண்டும் இருக்கும். உங்களுக்கே தெரியும்.

இன்று திருவண்ணாமலை. ஜன்னல் நிறைய மலை! தலையணையை மாற்றிப் போட்டுப் படுத்து, வழக்கம்போல ஒரு படம் எடுத்து, ஓட்டல் பெயரோடு போட்டேன்.

பத்தே நிமிடத்தில் மேனேஜர் கதவைத் தட்டினார். பின்னால் அறை சுத்தம் செய்யும் அக்கா.

"மலைக்கு நேரா காலை நீட்டியிருக்கீங்க மேடம். அப்படி நீட்டக் கூடாதுன்னே கட்டிலைத் திருப்பிப் போட்டிருக்கோம். படத்தைத் தூக்கிடுங்க, இல்லன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க."

பௌர்ணமி நாளில் இந்த ஊரில் வேறு அறைக்கு எங்கே போவேன்?

அதோடு விடாமல் அக்கா பக்கம் திரும்பி, "கெஸ்ட்டுக்கு நீ சொல்ல மாட்டியா?" என்று கத்தினார். காலை நீட்டியது நான், திட்டு அக்காவுக்கு. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அக்கா நிதானமாகச் சொன்னார்: "சொல்லிடறேன் சார். பாத்ரூம்ல உக்காந்தா ஜன்னல்ல நேரா மலைதான் தெரியுது. அங்க எந்தப் பக்கம் திரும்பி உக்காரணும்னு நீங்க சொல்லுங்க, அதையும் சேத்தே சொல்லிடறேன்."

நான் சிரித்த சிரிப்பில் கீழே விழாத குறை. மேனேஜர் பாத்ரூமுக்குள் போய்ப் பார்த்தார். வெளியே வந்து, "காபி அனுப்பட்டுங்களா மேடம்?" என்றார்.

அக்காவுக்கு வம்பு வேண்டாமென்று கால் படத்தை நீக்கிவிட்டேன். ஆனால் பாத்ரூமில் உட்கார்ந்து பார்த்தால் மலை இன்னும் அழகு. அந்தப் படம் கைவசம் இருக்கிறது. அக்காவிடம் மேனேஜர் இனி ஒரு முறை குரலை உயர்த்தினால் போட்டுவிடலாம்தானே?