ஆஸ்பத்திரியில் கிடந்த இத்தாலிக்காரர்

சூலக்கரையில் என் ஆபீஸ் சுவரில் யாரோ நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிய மைதாப் பசையின் லேசாகப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், திருத்தங்கலில் இன்று பைக் ஷோரூம் நிற்கும் இடத்தில் அன்று இருந்த தகரக் கொட்டகைக்குள் போய்விட்டேன். அங்கே அம்மாவும் மற்ற பெண்களும் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருக்க, கட்சிக்காரியான என் சித்தி இத்தாலி நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சியின் வரலாற்றை நாளுக்கொரு அத்தியாயமாக உரக்க வாசிப்பாள்; தேர்தல், பிளவு, மாநாடு என்று எது வந்தாலும் ஒரு தலைகூட நிமிராது, அட்டை மடிக்கும் சரசரப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒருநாள், வாயில் நுழையாத பெயர்கொண்ட அந்தக் கட்சித் தலைவரைப் பாராளுமன்ற வாசலில் எவனோ சுட்டுவிட, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பதோடு அத்தியாயம் முடிந்தது. சித்தி புத்தகத்தை மூடினாள். வேலை முடிந்தும் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"மூச்சு இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிடி வீட்டுக்குப் போக?" என்றாள் அம்மா.

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் வெடிச்சத்தம் கேட்ட நாட்களில், ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் சேதி வரும்வரை அந்தக் கொட்டகையில் யாரும் கலைந்ததில்லை.

சித்தி அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். "பொழச்சுக்கிட்டாரு. ஆப்பரேசன் பண்ணிட்டாக. யாரும் ஆத்திரப்பட்டுறாதீகன்னு படுத்துக்கிட்டே சொல்லுதாரு."

கொட்டகை முழுக்கப் பெருமூச்சு விட்டது. அம்மா விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே எழுந்தாள்.

"மனுசன் நல்லாயிருந்தாச் சரி. கட்சி என்னாச்சுன்னு நாளைக்குக் கேட்டுக்கிடுவோம்."