மூணாம் நாள் என்றால் எந்த நாள்

என் தம்பியை வேலை நடக்கும் இடங்களில் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் ஒட்டுகிறவன். குமிழி ஓடும் அந்த மட்டக்கோல் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டான். என் வீட்டுக்கு வந்தால்கூட உட்காருவதற்கு முன்னால் மேஜைமேல் அதை வைத்துப் பார்த்து, "அக்கா, இந்தப் பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு" என்பான். "நானும்தான்டா இறங்கிப் போயிருக்கேன், வந்து தூக்கிவிடு" என்பேன் நான். வேலையில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. நாள் எண்ணுவதில் மட்டும் அவனுக்கென்று ஒரு தனி வழி.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவன் பெண்டாட்டிக்குப் பள்ளி வேனில் வேலை. ஊரார் பிள்ளைகள் நாற்பது பேரை வீடு வீடாக இறக்கிவிட்டு, கடைசியில் வெறும் கையோடு தன் வீட்டுக்கு வருவாள். சிகிச்சைக்குப் போனார்கள். ஆய்வகத்தில் மூன்று கரு உருவாக்கி உறைய வைத்தார்கள். இரண்டை வைத்துப் பார்த்தும் ஒட்டவில்லை. மிச்சம் ஒன்றே ஒன்று. அதுவும் போனால் மறுபடி ஊசி, மறுபடி மயக்க மருந்து என்று முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பு இல்லை. அவளே சொல்லிவிட்டாள், இதுதான் கடைசி என்று.

மூன்றாவது தடவை நானும் கூடப் போனேன். இவர்கள் இருவரும் ஒரே டாக்டரிடம் போய்விட்டு வந்து ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதனால்தான். போன பிறகு என் தலை அவர்கள் தலையைவிட அதிகமாகச் சுற்றியது.

"கர்ப்பப்பையோட உள்சவ்வு எல்லா நாளும் கருவை ஏத்துக்காதும்மா. முதல் ஹார்மோன் அதைத் தடிமனாக்கும். அது ஸ்கேன்ல நல்லா வந்திருக்கு. இனி புரோஜெஸ்டிரான். அது உள்ளே போனதும் அங்க இருக்கிற செல்லெல்லாம் வேற வேலைக்கு மாறும். சுமாரா அஞ்சு நாள் ஆனதும் சில புரதங்களை விடும். வா, நான் தயார்னு கருவுக்குச் சொல்ற மாதிரி. கருவும் பதிலுக்குச் சில புரதங்களை விடும். ரெண்டும் ஒத்துப்போனாதான் ஒட்டும். அந்தப் பக்குவம் ரெண்டு நாள் நிக்கும், அவ்வளவுதான்" என்றார் டாக்டர் அம்மா.

யார் யாரிடம் பேசுகிறார்கள், வாயில்லாமல் எப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தம்பி மட்டும் பலமாகத் தலையாட்டினான். "பசைக்கும் அதான் மேடம். தரையில இழுத்துவிட்டா கொஞ்ச நேரம்தான். ஏடு படிஞ்சிடுச்சுன்னா டைல் எவ்வளவு நல்ல டைலா இருந்தாலும் உட்காராது."

"அப்போ நான் தரையா?" என்றாள் அவன் பெண்டாட்டி. டாக்டரே சிரித்துவிட்டார்.

வெளியே நர்ஸ் ஒரு சீட்டு கொடுத்தாள். "புரோஜெஸ்டிரான் மாத்திரை மூணாம் நாள்லேருந்து வைக்கணும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அடுத்த திங்கக்கிழமை காலையில வந்துடுங்க." அன்றும் திங்கட்கிழமைதான். சீட்டிலும் மூணாம் நாள் என்றே எழுதியிருந்தது, தேதி இல்லை. தம்பி அதைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் மாத்திரை அட்டை. பத்து மாத்திரை அட்டையில் மூன்று மிச்சம். நான் சலவைக் கடை நடத்துகிறவள், நாளும் எண்ணிக்கையும்தான் என் பிழைப்பு. புதன் காலை ஆரம்பித்திருந்தால் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும்.

"ஏன்டா மூணு இருக்கு?"

"வியாழக்கிழமைதானே ஆரம்பிச்சோம்."

"திங்கக்கிழமை சொன்னா மூணாம் நாள் புதன்டா. திங்கள், செவ்வாய், புதன். என் கடையில திங்கக்கிழமை துணி போட்டவங்களை மூணாம் நாள் வாங்கன்னா புதன்கிழமை வந்து நிப்பாங்க."

"ஒட்டின நாளை யாருக்கா எண்ணுவா? திங்கக்கிழமை டைல்ஸ் ஒட்டிட்டு மூணாம் நாள் மிதிக்கலாம்னா அது வியாழக்கிழமை. ஒட்டின நாள் கணக்குலயே வராது."

"இது என்ன பாத்ரூம் தரையாடா?"

கத்திவிட்டுப் பார்த்தால் அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டோம், யாரும் எடுக்கவில்லை. அவள் தலை துவட்டிக்கொண்டே வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். வாசலில் வந்து அவன் என் கையைப் பிடித்தான். "சொன்னா இந்த மாசமே வேண்டாம்னுடுவாங்கக்கா. அவ தாங்க மாட்டா. ஒரு நாள்தானே?" ஒரு நாள் பெரிதா சின்னதா என்று எனக்கு மட்டும் என்ன தெரியும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பச்சை அங்கி மாட்டி அவளை உட்கார வைத்தார்கள். "மாத்திரையெல்லாம் சொன்னபடி வச்சீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். "ஒண்ணுகூட விடல சிஸ்டர், இவர்தான் நாள் பார்த்துச் சொல்வார்" என்றாள் அவள், அவனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு. அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. ஆய்வகக் கதவைப் போய்த் தட்டினான். "சார், கருவை வெளியே எடுத்துட்டீங்களா?"

"இன்னும் பத்து நிமிஷத்துல எடுப்போம். ஏன்?"

"எடுக்காதீங்க."

டாக்டர் அவனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "நல்ல வேளை சொன்னீங்க. நாளைக்கு வச்சுக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார். நர்ஸைக் கூப்பிட்டு இனிமேல் தேதி போட்டுத்தான் எழுத வேண்டும் என்று கடிந்துகொண்டார். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் அவள் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார், "போன ரெண்டு தடவையும் யாரு எண்ணினது?"

தம்பி என்னைப் பார்த்தான். "நான்தான் மேடம். இதே மாதிரிதான்."

"அதனாலதான் ஒட்டலையா?" என்று நான் கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. நாள் சரியா இருந்தும் ஒட்டாம போறது நிறைய உண்டு."

"அப்போ அதனால இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வான்? தப்பு என்றால் அழுது தீர்க்கலாம், தப்பில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு நாள் தள்ளிப் போனதை மட்டும் அவளிடம் சொன்னோம். முந்தைய இரண்டைப் பற்றி மூச்சு விடாதே என்று நான்தான் அவனை அதட்டி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கருவை வைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. கரு ஒட்டி நின்றுவிட்டது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எனக்குள்ளதான் என்னமோ கோளாறுன்னு நினைச்சிட்டிருந்தேன் அண்ணி. வேன்ல குழந்தைங்களைத் தொடவே கூசும். என்கிட்ட எதுவும் நிக்காது, அந்த ராசி இதுங்களுக்கும் ஒட்டிக்குமோன்னு."

தம்பி குழாயடிக்குப் போனான். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, நான் கண்ணைக் காட்டியும் கேளாமல், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். முந்தைய இரண்டு தடவையும் இப்படித்தான் ஒரு நாள் தள்ளி ஆரம்பித்தோம் என்றான். டாக்டர் சொன்ன ஆமாம் இல்லை இரண்டையும் அப்படியே சொன்னான்.

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

"அப்போ அந்த ரெண்டு பேரும் வந்தப்போ, நான் இன்னும் தயாராகலையா?" என்றாள்.

ரெண்டு கரு என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ரெண்டு பேர் என்று யாரும் சொன்னதில்லை.

"தெரியலம்மா" என்றான் தம்பி.

"எனக்கும் தெரியல" என்றாள் அவள். கையை நீட்டி அவன் சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டாள். "இனிமே நாள் எண்ணுறது நான்."