இருநூற்றுக்கு அப்பால்

கீரனூருக்குக் கிழக்கே கடலை விதைக்கிற வீட்டில் பிறந்த சிவசாமி, அந்தக் குடும்பத்திலேயே ஐந்தாம் பாரம், அதாவது பத்தாம் வகுப்பு, வரை ஏறிய முதல் ஆள். புதுக்கோட்டையில் ஒரு சோற்றுக்கடையில் இலை எடுத்துக்கொண்டே படித்தான். கணக்கை விருப்பப் பாடமாக எடுத்தவனைக் கணக்கு வாத்தியார் வெளியே தள்ளப் பார்த்தது 1938-இல்.

எந்த எண்ணின் வர்க்கமும் 2, 3, 7, 8 என்ற இலக்கங்களில் முடியாது, நிரூபிக்கவும் என்று அவர் பலகையில் எழுதியிருந்தார். சிவசாமி ஒன்றிலிருந்து இருநூறு வரை எல்லா வர்க்கங்களையும் பெருக்கி எழுதி வந்தான்.

"இருநூத்தி ஒண்ணுக்கு யாருடா ஜாமீன்?"

"எங்க ஊர்ல வியாபாரி சாக்குல குத்தூசியைச் செருகி, வர்ற கடலையைப் பாத்தே மூட்டைக்கு வெலை சொல்லுவாரு சார். அதே மாதிரி..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "கீரனூர்ப் பக்கத்துப் பயலுகளுக்குக் கணக்கு ஏறாது. நான் பாத்தவன். நாளைக்கு நிரூபிக்கலேன்னா சரித்திர வகுப்புக்குப் போயிடு" என்றார் வாத்தியார்.

அவர் கேட்ட கேள்வி நியாயந்தான் என்று தெரிந்ததே சிவசாமியின் ஆத்திரத்தைக் கூட்டியது. சாயங்காலம் கடையின் பின்கட்டில் கரித்துண்டை எடுத்து 247-ஐ 247-ஆல் பெருக்கினான். ஏழேழு நாற்பத்தொன்பது, கடைசியில் ஒன்பது. மற்ற இலக்கங்களின் பெருக்கமெல்லாம் இடப்பக்கம் தள்ளியே விழுந்தது. கடைசி இடத்தை எதுவும் தொடவில்லை! அப்படியானால் எண் எத்தனை பெரிதானாலும் அதன் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். அது பத்தில் ஒன்று. பத்தையும் பார்த்துவிட்டால் தப்பிக்க ஓர் எண்ணும் மிச்சமில்லை.

மறுநாள் பலகையில் அந்தக் காரணத்தை எழுதி, பத்து முடிவுகளையும் வரிசையாகப் போட்டான்: 0, 1, 4, 9, 6, 5, 6, 9, 4, 1.

"எவன்டா சொல்லிக் குடுத்தான்?"

"யாருமில்ல சார்."

"புளுகாத."

சிவசாமி அவர் பக்கம் திரும்பி நின்றான். "எங்க பக்கத்துப் பயலுக எத்தனை பேரைப் பாத்தீங்க சார்? எல்லாரையுமா? பாக்காதவனுக்கு யாரு ஜாமீன்?"

வாத்தியார் பிரம்பை எடுத்தார். அவன் கையை நீட்டினான். "அடிங்க. அதுக்கு முன்னாடி வேற கணக்குக் குடுங்க, இங்கயே போடுறேன்."

"வர்க்கத்தை நாலால வகுத்தா மீதி ரெண்டு வருமா?" பிரம்பு இறங்கவில்லை.

"எண்ணு இரட்டை, இல்லாட்டி ஒத்தை. மூணாவது கெடையாது" என்று சொல்லிக்கொண்டே எழுதினான். இரட்டையின் வர்க்கம் நாலால் மீதியின்றி வகுபடும். ஒற்றை என்றால் ஓர் இரட்டையோடு ஒன்று. அதன் வர்க்கத்தில் அந்த இரட்டையின் வர்க்கமும் இருமடங்கும் நாலால் வகுபட்டுவிடும்; மீதி ஒன்று. "ரெண்டு வரவே வராது."

"உக்காரு."

அவன் உட்காரவில்லை. "சரியா தப்பா, சொல்லுங்க சார்."

"சரி... கணக்குலயே இருந்து தொலை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கணிதத்தில் பி.ஏ. தேறிய பிறகும் இதைச் சொல்லும்போது சிவசாமியின் குரல் ஏறிவிடும்: "சரியைச் சரின்னு சொல்லவைக்க நின்னு மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சே!"